வாசகர் கேள்வி – பதில்: கிளிமாஞ்சாரோவுக்கு எத்தனை நாள்?

எங்கள் பினாங்கு நடைக்குழுவைச் சேர்ந்த சிலர் வரும் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தான்சானியாவிலுள்ள கிளிமாஞ்சாரோ மலைக்குச் செல்லவிருப்பதைச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தீவிலிருந்தும் பெருநிலத்திலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வாசகர்கள் எழுதிய கடிதங்கள் பலவாதலால், இந்த மாதப் பகுதி முழுவதையும் அந்த ஒரு மலைக்கே ஒதுக்குகிறேன். நான் அங்கு இருமுறை சென்றவன். முதன்முறை உச்சியைக் காணாமல் திரும்பினேன், இரண்டாம் முறை 5,895 மீட்டர் உயரத்திலுள்ள உகுரு முனையில் நின்றேன். மருத்துவம் தொடர்பாக நான் சொல்பவற்றை உங்கள் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பின்னரே பின்பற்ற வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

நானும் என் தம்பியும் கினபாலு மலையை இரண்டு முறை ஏறியிருக்கிறோம். இரண்டே நாளில் ஏறி இறங்கிவிட்டோம். கிளிமாஞ்சாரோ அதைவிட 1,800 மீட்டர்தான் உயரம். ஐந்து நாள் பயணம் விலை குறைவாகக் கிடைக்கிறது. எங்களுக்கு அது போதாதா?
– கணக்காளர் ஒருவர், ஆயர் ஈத்தாம்

போதாது. உங்கள் கால்களின் வலிமையைப் பற்றி எனக்கு ஐயமில்லை. ஆனால் கினபாலுவில் கிடைத்த அனுபவம் இந்த ஒரு விஷயத்தில் நம்மைத் தவறாக வழிநடத்தக்கூடியது. அங்கே சுமார் 1,866 மீட்டரிலுள்ள திம்போஹன் வாயிலில் நடக்கத் தொடங்கி, 3,270 மீட்டரை ஒட்டிய பனாலாபானில் சில மணி நேரம் கண்ணயர்ந்து, விடியும்போது 4,095 மீட்டர் உச்சியைத் தொட்டு, அன்று மாலைக்குள் கீழே வந்து சூடாக மைலோ குடிக்கிறோம். உயர்மலை நோய் பெரும்பாலும் உயரத்தை அடைந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே தலைவலியாகவும் குமட்டலாகவும் வெளிப்படத் தொடங்கும் என்பதால், கினபாலுவில் அது நம்மைப் பிடிப்பதற்குள் நம்மில் பலர் இறங்கிவிடுகிறோம். கிளிமாஞ்சாரோவில் அந்த உயரத்திலும் அதற்கு மேலும் இரவு தங்க வேண்டும். தங்கிய பிறகு இன்னும் ஏற வேண்டும்.

மேலே செல்லச் செல்லக் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. உகுரு முனையில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி. இதை ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சுவிடத் தொடங்குகிறது. அதனால் கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறி இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அதைச் சிறுநீரகம் சரிசெய்த பின்னரே உடலால் தடையின்றி ஆழ்ந்து மூச்சுவிட முடிகிறது. சிறுநீரகத்தின் அந்த வேலைக்குச் சில நாள்கள் பிடிக்கும். உடற்பயிற்சி செய்தவருக்கு அது விரைவாக நடந்துவிடும் என்பதற்கில்லை. உடல் வலிமை மிக்க இளைஞர்களே வேகமாக நடந்து, வேகமாக நோயில் விழுவதை நான் அந்த மலையில் கண்டிருக்கிறேன்.

மூவாயிரம் மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பதும் மலை மருத்துவர்கள் தரும் பொது வழிகாட்டுதல். ஐந்து நாள் மராங்கு பாதையில் முதல் இரவு மந்தாரா குடில், 2,720 மீட்டர். இரண்டாம் இரவு ஹொரொம்போ, 3,720. மூன்றாம் இரவு கிபோ, 4,720. நாளுக்கு ஆயிரம் மீட்டர் வீதம், சொல்லப்பட்ட அளவைப் போல இரு மடங்கு. என் முதல் பயணம் இதுவே. குடிலும் கட்டிலும் உண்டு, கூடாரத்தில் படுக்க வேண்டியதில்லை என்ற கவர்ச்சியில் அதைத் தேர்ந்தேன். மூன்றாம் இரவு உணவைப் பார்க்கவே பிடிக்காமல் போயிற்று. நள்ளிரவில் கிளம்பி, ஹான்ஸ் மேயர் குகையை அடைந்தபோது இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டேன். வழிகாட்டி என்னைத் திருப்பி அழைத்துவந்தார்.

இரண்டாம் முறை மச்சாமே பாதையை ஏழு நாளில் நடந்தேன். அதன் அருமை நான்காயிரத்து அறுநூறு மீட்டரை ஒட்டிய லாவா டவர் பாறை வரை பகலில் ஏறி, அங்கே மதிய உணவு உண்டு, இரவுக்குள் 3,950 மீட்டர் அளவிலுள்ள பராங்கோ முகாமுக்கு இறங்கிவிடுவதில் இருக்கிறது. உடல் உயரத்தைத் தொட்டுப் பார்க்கிறது. உறக்கம் தாழ்ந்த இடத்தில் கிடைக்கிறது. அதே பாதையை ஆறு நாளில் முடிப்பவர்களும் உண்டு. ஏழாவது நாள் கரங்கா முகாமில் கூடுதலாகக் கிடைக்கும் ஓர் இரவு, அவ்வளவுதான், ஆனால் அந்த ஓர் இரவு உச்சிக்கு முந்தைய நாளைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. மேற்கிலிருந்து லெமோஷோ பாதையில் எட்டு நாள் செல்ல முடியுமானால் இன்னும் நல்லது. குடிலில்தான் தங்குவோம் என்றால், மராங்கு பாதையிலேயே ஹொரொம்போவில் இரண்டு இரவு தங்கும் ஆறு நாள் பயணத்தையாவது கேளுங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் உண்மையாக வாங்குவது நாள்களைத்தான். அதில் சிக்கனம் வேண்டாம்.

வழிகாட்டி இல்லாமல் நாங்களே கூடாரம் எடுத்துக்கொண்டு ஏற முடியுமா?
– கல்லூரி மாணவர்கள், காஜாங்

முடியாது. கிளிமாஞ்சாரோ தேசியப் பூங்காவின் விதிகளின்படி உரிமம் பெற்ற வழிகாட்டி இன்றி எவரும் வாயிலைத் தாண்ட இயலாது. இதை ஒரு தடையாகக் கருத வேண்டாம். நல்ல வழிகாட்டி காலையும் மாலையும், இரத்தத்திலுள்ள ஆக்சிஜனின் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்ப்பார். உண்டீர்களா, உறங்கினீர்களா, தலை வலிக்கிறதா என்று விடாமல் கேட்பார். குதிகாலும் விரல்நுனியும் ஒட்டும்படி ஒரே கோட்டில் நடக்கச் சொல்லித் தள்ளாட்டம் இருக்கிறதா என்று கவனிப்பார். தள்ளாட்டமும் குழப்பப் பேச்சும் மூளையில் நீர் கோத்ததற்கு அறிகுறி. ஓய்வாக இருக்கும்போதும் மூச்சு இரைப்பதும் நுரைத்த சளியும் நுரையீரலில் நீர் கோத்ததற்கு அறிகுறி. இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடியவை. இரண்டுக்கும் முதல் மருந்து, நள்ளிரவானாலும் உடனே கீழே இறங்குவது. நோய் கண்ட மனிதரால் அந்த முடிவைத் தானாக எடுக்க முடியாது என்பதே வழிகாட்டி வேண்டும் என்பதற்கு முதற்காரணம்.

எனக்கு வயது 54. பத்து ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. மாத்திரையும் இரவில் ஒரு வேளை இன்சுலினும் எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?
– ஓய்வுபெற்ற தாதி, பிறை

உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன், சகோதரி. நம் குடும்பங்களில் இந்த நோய் இல்லாத வீடு அரிதாகிவிட்ட நிலையில், இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் உரியதன்று. நீரிழிவு இருப்பதாலேயே ஒருவர் மலையேறக் கூடாது என்று இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இருந்து, இதயம், சிறுநீரகம், விழித்திரை, பாதம் ஆகியவற்றில் பாதிப்பு இல்லாதிருக்க வேண்டும். விழித்திரைச் சோதனையைத் தவறவிடாதீர்கள். உயரத்தில் விழித்திரையில் இரத்தக் கசிவு ஏற்படுவது நலமுள்ளவர்களுக்கும் நிகழ்வதுண்டு.

மருத்துவர் இசைந்தால், அவரிடம் பேசி முடிவு செய்ய வேண்டியவை சில உள்ளன. நாள்தோறும் ஆறேழு மணி நேரம் நடக்கும்போது உடலின் சர்க்கரைத் தேவை கூடுகிறது, அதே நேரத்தில் உயரத்தில் பசி குறைகிறது. ஆகவே வீட்டில் எடுக்கும் அதே அளவு மருந்து அங்கே சர்க்கரையை அபாயமான அளவுக்கு இறக்கிவிடலாம். இன்சுலின் உறைந்துவிட்டால் பயன்படாது என்பதால் பகலில் அதை உடலோடு ஒட்டிய உட்பையிலும், இரவில் ஸ்லீப்பிங் பேக்கின் உள்ளேயும் வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை அளக்கும் கருவி குளிரில் வேலை செய்யாமல் போகலாம், உயரத்தில் அளவைச் சற்று மாற்றியும் காட்டலாம்; இரண்டு கருவிகள் எடுத்துச் செல்லுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது: சர்க்கரை தாழ்வதும் உயர்மலை நோயும் வெளியிலிருந்து பார்க்க ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் தலைவலி, சோர்வு, குமட்டல், தடுமாற்றம். ஆகவே உங்கள் நோயை வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லி, இந்த அறிகுறி எது தெரிந்தாலும் முதலில் சர்க்கரையை அளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மறைத்துவிட்டுச் செல்வது மிகப் பெரிய தவறு.

டயமாக்ஸ் என்று வழங்கும் அசிட்டசோலமைட் மாத்திரையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முன்தடுப்பாக வழக்கமாகத் தரப்படும் அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை இது விரைவுபடுத்துகிறதே தவிர, வலியை மறைப்பதில்லை. விரல்நுனி மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் இதன் பக்கவிளைவுகள். சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீரகத்தில் குறை உள்ளவர்களுக்கும் இது ஏற்றதன்று. எதுவாயினும், ஊரில் இரண்டு நாள் எடுத்துப் பார்த்த பிறகே மலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஏழு நாள் மச்சாமே பயணத்துக்கு இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டேன். ஒன்று சொன்ன விலை மற்றதில் ஏறக்குறையப் பாதி. பாதையும் நாளும் ஒன்றே. டிப்ஸ் வேறு தனியாகக் கொடுக்க வேண்டுமாம். குறைந்த விலையைத் தேர்ந்தால் என்ன தவறு?
– சிறுதொழில் நடத்துபவர், செந்தூல்

நீங்கள் வணிகம் செய்பவர். ஆகவே கணக்காகவே பார்ப்போம். பூங்காவுக்குச் செலுத்த வேண்டிய நுழைவு, முகாம் கட்டணங்கள் மட்டும் வெளிநாட்டவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு நூறு அமெரிக்க டாலரைத் தாண்டுகின்றன. இதை எந்த நிறுவனமும் குறைக்க முடியாது. ஏழு நாளுக்கு அதைக் கழித்துவிட்டு, வண்டி, உணவு, எரிவாயு ஆகியவற்றையும் கழித்துப் பாருங்கள். மிகக் குறைந்த விலை சொல்பவரிடம் அதன் பிறகு என்ன மிஞ்சும்? அவர் குறைத்திருப்பது, சுமை தூக்குபவர்களின் கூலியையும் சோற்றையும்தான்.

ஒரு பயணிக்கு மூன்று நான்கு பேர் என்ற கணக்கில் வழிகாட்டி, சமையற்காரர், சுமைதூக்கிகள் உடன் வருவார்கள். கூடாரம், மேசை, அடுப்பு, ஒரு வாரத்துக்கான அரிசியும் காய்கறியும் எல்லாம் அவர்கள் தலையிலும் தோளிலும்தான் ஏறுகின்றன. உச்சிக்கு முந்தைய பராஃபு முகாமில் தண்ணீரே கிடையாது. அங்கே நீங்கள் குடிக்கும் தேநீருக்கான நீரையும் கீழே கரங்கா பள்ளத்தாக்கிலிருந்து ஒருவர் சுமந்து வந்திருப்பார். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பூங்காவின் விதி. வாயிலில் எடை போடுகிறார்கள். உங்கள் பையும் 15 கிலோவைத் தாண்டக் கூடாது.

என் முதல் பயணத்தில் எங்கள் சுமைதூக்கிகள் நாளுக்கு ஒரு வேளைதான் வயிறார உண்டார்கள் என்பதை இறங்கிய பின்னரே அறிந்தேன். நாங்கள் மூன்று வேளையும் சூப்போடு உண்டுகொண்டிருந்தோம். என் பாட்டனார் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கங்காணியின் கையிலிருந்து கூலி வாங்கியவர். பிடித்தம் போக வீடு வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதைப் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு வாரம் தன் பையைச் சுமந்த மனிதருக்குக் கூலி யார் கையால், எவ்வளவு போகிறது என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை. நம் சமூகத்திலிருந்து செல்லும் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் முன்பணம் கட்டக் கூடாது என்றே நினைக்கிறேன்.

கேட்க வேண்டியவை இவை: நாட்கூலி எவ்வளவு, பயணம் முடிந்து எத்தனை நாளில் கைக்குக் கிடைக்கும், மூன்று வேளை உணவு உண்டா, அவர்கள் உறங்கத் தனிக் கூடாரமும் குளிராடையும் இருக்கின்றனவா, நோயுற்றால் இறக்கிக் கொண்டுவருவது யார் பொறுப்பு. மோஷி நகரில் 2003 முதல் இயங்கும் கிளிமாஞ்சாரோ சுமைதூக்கிகள் உதவித் திட்டம் என்ற அமைப்பு, இவற்றைச் சரிவரச் செய்யும் நிறுவனங்களைக் கண்காணித்துப் பட்டியலாக வைத்திருக்கிறது. குளிராடை இல்லாத சுமைதூக்கிகளுக்கு இலவசமாக இரவலும் கொடுக்கிறது. உங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். டிப்ஸைப் பொறுத்தவரை, அதை மொத்தமாக ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வராமல், எவருக்கு எவ்வளவு என்பதை அனைவர் முன்னிலையிலும் அறிவித்து, இயன்றால் ஒவ்வொருவர் கையிலும் நீங்களே கொடுங்கள். அதைப் பயணச் செலவின் ஒரு பகுதியாக ஊரிலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

இந்தச் சமதரையில், இந்த வெப்பத்தில், எங்கே எப்படிப் பயிற்சி செய்வது?
– வங்கி ஊழியர், ஜோர்ஜ் டவுன். இதே பொருளில் பூச்சோங், கிள்ளான் வாசகர்களும்

தீவில் இருப்பவருக்குக் கொடிமலையைவிடச் சிறந்த பயிற்சிக்களம் எது? தாவரப் பூங்காவிலிருந்து மேலே செல்லும் ஜீப் சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் அதன் செங்குத்து உங்களைச் சோதிக்கும். காலையில் ஏழெட்டுக் கிலோ பையுடன் ஏறி, ரயிலில் இறங்காமல் நடந்தே இறங்குங்கள். தண்ணீர்மலைக் கோயிலின் ஐந்நூற்றுப் பதின்மூன்று படிகள் வார நாள் மாலைகளுக்குப் போதும். கோலாலம்பூர் வாசகர்கள் பத்துமலையின் 272 படிகளோடு நிறுத்திக்கொள்ளாமல், மாதம் ஒருமுறையாவது ஹுலு லங்காட்டில் உள்ள நுவாங் மலைக்குச் செல்லுங்கள். 1,493 மீட்டர்தான் என்றாலும் விடிகாலையில் கிளம்பி மாலை வரை நடக்க வேண்டிய மலை அது.

இறங்குவதைப் பழகுங்கள் என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலோர் ஏறுவதையே பயில்கிறார்கள். உச்சி நாளன்று நள்ளிரவிலிருந்து சுமார் 1,200 மீட்டர் ஏறி, பின் அதே நாளில் ஏறத்தாழ 2,800 மீட்டர் இறங்கி ம்வேகா முகாமை அடைய வேண்டும். முழங்கால் அங்கேதான் கெடுகிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து நீண்ட தூரம் நடந்து, களைத்த கால்களோடு நடப்பது எப்படி என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். புதிய காலணியைப் பெட்டியிலிருந்து எடுத்து நேரே மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பிறகு வேகம். அங்கே வழிகாட்டிகள் நாள் முழுவதும் சொல்லும் சுவாஹிலிச் சொல் ‘போலே போலே’, மெல்ல மெல்ல என்று பொருள். பக்கத்தில் நடப்பவரோடு மூச்சுவாங்காமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம். தைப்பூசத்தன்று கனத்த காவடியோடு படியேறுபவரைக் கவனித்திருப்பீர்கள். அவர் ஓடுவதில்லை, ஒவ்வொரு அடியிலும் சற்றே நின்று அடுத்த அடி வைக்கிறார். அந்த நடைதான் அங்கே உதவும்.

குளிரைப் பொறுத்தவரை, உச்சி இரவில் சுழியத்துக்குக் கீழே பத்து பாகைக்கும் இறங்கும், காற்றும் வீசும். பருத்தி ஆடை வியர்வையில் நனைந்தால் காயாது. அதை உடலோடு ஒட்டி அணியக் கூடாது. நம் ஊரில் ஒருமுறைகூட அணியப்போகாத தடித்த மேலாடைகளையும் ஸ்லீப்பிங் பேக்கையும் மோஷியில் வாடகைக்கு எடுக்கலாம்; கையுறை, காலுறை, காலணி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் வைத்த பைகள் அந்த இரவில் உறைந்துவிடும். புட்டியைக் காலுறைக்குள் போட்டுத் தலைகீழாக வையுங்கள், நீர் மேற்பரப்பிலிருந்து உறைவதால் மூடிப்பக்கம் உறையாமல் இருக்கும்.

நாங்கள் முழுச் சைவம். ஒரு வாரம் என்ன உண்போம்?
– ஒரு தம்பதியர், பிரிக்பீல்ட்ஸ்

கவலை வேண்டாம், முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். காலையில் ‘உஜி’ என்னும் கஞ்சி, பகலிலும் இரவிலும் காய்கறி சூப், அவரைக் குழம்பு, சோளமாவில் கிண்டிய ‘உகாலி’, வாழைக்காய்க் கூட்டு என்று நம் நாக்குக்கு அந்நியமில்லாத உணவே கிடைக்கும். மலையடிவாரத்தில் வாழும் சக்கா மக்கள் வாழையை நம்மைப் போலவே பலவிதமாகச் சமைப்பவர்கள். சப்பாத்தியும் சாயும் சுவாஹிலி மொழியிலும் அதே பெயரால் வழங்குகின்றன என்பதைச் சமையற்காரரிடம் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நாலாயிரத்து அறுநூறு மீட்டரில் தண்ணீர் சுமார் 85 பாகையிலேயே கொதித்துவிடுவதால் சோறும் பருப்பும் நன்றாக வேகாது. கடைசி முகாமில் கஞ்சியே சிறந்தது. பசி குறையும் நாளில் உதவ நார்த்தங்காய் ஊறுகாயும் இஞ்சி மிட்டாயும் எடுத்துச் செல்லுங்கள். பசிக்காவிட்டாலும் உண்ண வேண்டும், நாளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் நீர் குடிக்க வேண்டும்.

என் மகள் தன் தோழியோடு செல்லத் திட்டமிடுகிறாள். கழிப்பறை, மாதவிலக்கு போன்றவற்றை நினைத்துத் தயங்குகிறேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.
– ஒரு தாயார், சுங்கை ஆரா

தயங்காமல் கேட்டதற்கு நன்றி, அம்மா. என் துணைவியாரும் இரண்டாம் பயணத்தில் உடன் வந்தார். அவர் சொன்னதையே எழுதுகிறேன். முகாம்களில் பொதுக் குழிக்கழிப்பறைகள் உள்ளன, அவை தூய்மையாக இருப்பதில்லை. கூடுதல் கட்டணத்துக்குத் தனிக் கழிப்பறைக் கூடாரம் கொண்டுவருவார்கள். இரு பெண்களாகச் செல்லும்போது அந்தச் செலவு தகும். உயரமும் குளிரும் களைப்பும் மாதவிலக்கின் நாளை மாற்றிவிடலாம் என்பதால், நாளல்லாவிட்டாலும் தேவையானவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். பயன்படுத்தியவற்றை மலையில் விடாமல் உறையிட்டுக் கீழே கொண்டுவர வேண்டும். பெண் வழிகாட்டிகளும் அங்கே பணிபுரிகிறார்கள். அப்படி ஒருவர் வேண்டும் என்று முன்பே கேட்கலாம். இருவரையும் ஒரே கூடாரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

எந்த மாதம் நல்லது? மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா?
– பேராய் வாசகர்

ஜனவரி, பிப்ரவரி மாதங்களும் ஜூன் இறுதியிலிருந்து அக்டோபர் வரையும் மழை குறைந்த காலம். மார்ச்சு இறுதி முதல் மே வரையிலான பெருமழையைத் தவிருங்கள். நவம்பரில் சிறுமழை உண்டு. மஞ்சள் காய்ச்சல் தொற்றும் நாடுகள் வழியாக, எடுத்துக்காட்டாக அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கிச் செல்பவர்களிடம் தான்சானியா சான்றிதழ் கேட்கும். அத்தகைய நாடுகளிலிருந்து வருபவர்களிடம் மலேசியாவும் கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். மலையடிவார ஊர்களில் மலேரியா உண்டு. அதற்கான மாத்திரையையும் மருத்துவரிடம் கேளுங்கள். பயணக் காப்புறுதி 6,000 மீட்டர் வரை செல்லும் மலைநடையையும் மீட்பு ஹெலிகாப்டரையும் உள்ளடக்குகிறதா என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். பொதுவான காப்புறுதிகள் பெரும்பாலும் அவ்வளவு உயரத்தை ஏற்பதில்லை.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் எப்படிப் பனி இருக்கிறது? நான் பெரியவளாகிப் போகும்போதும் இருக்குமா?
– ஐந்தாம் ஆண்டு மாணவி, தமிழ்ப்பள்ளி, நிபோங் தெபால்

அருமையான கேள்வி, கண்ணு. நம் பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது. கிளிமாஞ்சாரோ தெற்கே மூன்று பாகையில், அதாவது நம்மைவிட நெருக்கமாக இருக்கிறது. ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறையும். ஏறத்தாழ ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டருக்கு நீயே பெருக்கிப் பார். 1848இல் யோகான்னஸ் ரெப்மன் என்ற ஜெர்மானியப் பாதிரியார் அந்தப் பனியைக் கண்டு எழுதியபோது, லண்டனில் இருந்த புவியியல் அறிஞர்கள் சிலர் நம்பவே இல்லை.

இப்போது அந்தப் பனி வேகமாகக் குறைந்துவருகிறது. 1912இல் வரைபடத்தில் அளந்து காட்டிய பனிப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மறைந்துவிட்டது. நீ பெரியவளாகும்போது இன்னும் குறைந்திருக்கும். உச்சிக்குச் செல்லப் பத்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. உனக்கு அந்த வயது ஆகிவிட்டது, ஆனாலும் உன் எலும்பும் நுரையீரலும் நன்றாக வளரட்டும், முதலில் அப்பாவோடு கொடிமலை ஏறு.

என் மகன் சென்ற மாதம் கிளிமாஞ்சாரோ சென்று, உச்சிக்கு முன்னூறு நானூறு மீட்டர் இருக்கையில் தலைச்சுற்றலால் திரும்பிவிட்டான். ஆறு நாள் பயணம். நண்பர்கள் சான்றிதழோடு வந்தார்கள். அன்று முதல் அதைப் பற்றி வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. நான் என்ன சொல்வது?
– ஒரு தாயார், ஜெலுத்தோங்

அவர் உயிரோடும் நலத்தோடும் வீடு திரும்பியதே உங்களுக்குப் பெரிது என்பதை நான் அறிவேன். ஆனால் அதை இப்போது அவரிடம் சொன்னால் ஆறுதலாக இராது. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் திரும்பிய இரவைச் சொல்கிறேன். தலைவிளக்குகளின் வரிசை மேலே மேலே ஊர்ந்துகொண்டிருக்க, நானும் துணை வழிகாட்டி ஒருவரும் மட்டும் எதிர்த்திசையில் இறங்கினோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கிபோ குடிலை அடைந்தபோது கிழக்கே மவென்சி சிகரத்தின் பின்னால் வானம் சிவந்தது. ஹொரொம்போவுக்கு இறங்கியதும் தலைவலி முழுதும் நின்றுவிட்டது. உடலில் எந்தக் குறையும் இல்லை. எட்டு நாளில் ஏற வேண்டியதை ஐந்து நாளில் ஏறப் பார்த்தேன் என்பதே காரணம். ஊருக்கு வந்ததும் இதை எவரும் எனக்கு விளக்கவில்லை, என் மன உறுதி போதவில்லை என்றே ஓராண்டு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அது உண்மையன்று. யாருக்கு இந்த நோய் வரும் என்பதை வயதையோ வலிமையையோ வைத்துச் சொல்ல முடியாது. ஒரே பயணத்தில் நண்பருக்கு வராமல் அவருக்கு வந்திருக்கிறது.

அந்த மலையில் முதன்முதலாக உச்சியை அடைந்ததாகப் பதிவாகியுள்ள ஹான்ஸ் மேயர் 1887இல் பனிச்சுவர் வரை சென்று திரும்பியவர். மறு ஆண்டு கடலோரத்தில் எழுந்த கிளர்ச்சியில் சிறைப்பட்டு, மீட்புப்பணம் கொடுத்து விடுபட்டார். 1889இல் லுட்விக் புர்ட்ஷெல்லரோடு மூன்றாம் முறை வந்தபோது, பல உயரங்களில் முகாம் அமைத்து உணவைச் சேர்த்துவைத்தார். ஒருமுறை முடியாவிட்டால் அடிவாரம் வரை இறங்காமல் சற்றுக் கீழே தங்கி மீண்டும் ஏறலாம் என்பதற்காக. அந்த ஏற்பாடே அவருக்குக் கைகொடுத்தது: அக்டோபர் 3ஆம் நாள் எரிமலை வாயின் விளிம்பைத் தொட்டும் நேரமும் வலுவும் போதாமல் இருவரும் இறங்கிவிட்டார்கள், 6ஆம் நாள் மீண்டும் ஏறி உச்சியை அடைந்தார்கள். நம் நாட்டிலிருந்து எவரெஸ்ட் உச்சியை முதலில் அடைந்த எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் 1997 மே 23ஆம் நாள் அங்கே நின்றபோதும், அதற்கு முன் பல வாரங்கள் முகாமுக்கு முகாம் ஏறியும் இறங்கியும்தான் உடலைப் பழக்கியிருந்தார்கள்.

ஆகவே ஒன்றும் சொல்லாமல், ஒருநாள் மாலையில் படங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், அம்மா. உச்சியைப் பற்றிக் கேட்க வேண்டாம். பராங்கோ முகாமில் வளர்ந்து நிற்கும் ஆளுயரச் செடிகளைப் பற்றியும், அவருடைய பையைச் சுமந்தவரின் பெயரையும், கடைசி இரவில் அவரை இறக்கிக் கூட்டிவந்தவரின் பெயரையும் கேளுங்கள். மீண்டும் போகிறேன் என்று அவராகச் சொன்னால், லெமோஷோ பாதை, எட்டு நாள் என்று சொல்லுங்கள். எங்கள் குழுவில் ஆகஸ்டுக்கு இன்னும் இரண்டு இடம் இருக்கிறது.